மூன்றாம் மாடிக் கடல்

நாலாபுறமும் கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையுமாக இருக்கிற நாமக்கல்லில், பரமத்தி ரோட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிக்குக் கடல் முதன்முதலாக வந்தபோது, தனபாக்கியம் அதை வாஷிங் மெஷின் பைப் கழன்றுகொண்டது என்றுதான் நினைத்தாள். முட்டை குடோனில் காலையிலிருந்து தட்டு அடுக்கிவிட்டு வந்தவள் கணுக்கால் தண்ணீரில் செருப்போடு நின்று, "இது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லி, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு மாப்பைத் தேடினாள். தண்ணீர் மாப்புக்கு அடங்கவில்லை. ஹாலில் இருந்த மீன்தொட்டியின் விளிம்பில் பால் பொங்குவதுபோல் சத்தமில்லாமல் பொங்கி, வழிந்து, மேஜைக்கால் வழியாக இறங்கிப் பரவிக்கொண்டிருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமலும், தெரிந்தாலும் செய்வதற்கு உடம்பில் தெம்பில்லாமலும், பிளாஸ்டிக் நாற்காலியில் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாயும்போது கடல் தானாகவே வந்த வழியில் தொட்டிக்குள் ஏறிப் போனது. போகும்போது சுவரில் ஒரு நுரைக்கோட்டையும், கட்டில் காலில் ஒரு துண்டுப் பாசியையும், அவளுடைய இடதுகால் செருப்பு இருந்த இடத்தில் வெறும் ஈரத்தையும் விட்டுப் போனது.

கட்டிலில் அவள் புருஷன் சென்னியப்பன் படுத்திருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். லோடு கிடைக்காமல் நாள்கணக்கில் காத்துக்கிடக்கும்போது மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், இவன் கரையோரப் பாறைகளில் குந்தி, செத்த சங்குக்குள் புகுந்துகொண்டு வீட்டையே முதுகில் சுமந்து திரியும் நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை பெயின்ட் வாளியில் கடல்தண்ணீர் மொண்டு, அதில் ஏழெட்டு நண்டுகளைப் போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, குலுங்காமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தான். "குடித்தனக்காரங்க வந்திருக்காங்க, பாரு" என்று தனபாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். தொட்டி வாங்கினான், காற்று ஊதும் மோட்டார் வாங்கினான், ஒவ்வொரு நடைக்கும் கேனில் கடல்தண்ணீரும் பை நிறையக் காலிச் சங்குகளும் கொண்டுவந்தான். நண்டு வளர்ந்தால் பழைய சங்கு பற்றாது, பெரிய சங்கு தேடிக் குடிமாறும் என்பதையெல்லாம் அவன்தான் அவளுக்குச் சொன்னான்.

பக்கவாதம் வந்தபிறகு அவனுக்கு வலதுகையும் வலதுகாலும் இல்லாதமாதிரி ஆகிவிட்டன, பேச்சும் போனது. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்து அழுவாள், அழுதுவிட்டு வைத்துவிடுவாள். தனபாக்கியம்தான் அவனைத் தூக்கினாள், புரட்டினாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள், அதற்கப்புறம் குடோனுக்குப் போனாள், வந்து மறுபடியும் தூக்கினாள். அவன் கண் எந்நேரமும் தொட்டியிலேயே இருந்ததால் தொட்டியையும் அவளே பார்த்தாள். கடையில் விற்கும் உப்பைக் குடிதண்ணீரில் கரைத்து ஊற்றினாள், சுண்டிய தண்ணீருக்கு ஈடுகட்டினாள், குடோனில் உடைந்த முட்டையை அவித்து வெள்ளைக்கருவைக் கிள்ளிப் போட்டாள். சங்கு மட்டும் அவளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

கடல் மறுநாளும் வந்தது. பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சற்று நேரம் தள்ளி வந்தது. முழங்கால்வரை ஏறும், கொஞ்சநேரம் நிற்கும், வற்றிப் போகும். கதவைத் திறந்து வைத்தாலும் நிலைப்படியைத் தாண்டாமல், அங்கேயே சின்னச் சின்ன அலையாக முட்டி முட்டித் திரும்பும். ஏன் வருகிறது என்று அந்தக் கட்டடத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் காவிரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறையும் போர்வெல் தண்ணீர் கரண்ட் இருக்கும்போதும் மட்டுமே வந்துகொண்டிருந்த இடத்தில், சொன்ன நேரத்துக்கு வருகிற தண்ணீர் இது ஒன்றுதான்.

முதலில் சண்டைக்கு வந்தவர் கீழ்வீட்டு நாச்சிமுத்து. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர்.

"ஏம்மா, என்ற வூட்டு மச்சுப் பூராவும் உப்புப் பூத்துக் கெடக்குது. இதென்ன வூடா, உப்பளமா?" என்று படியேறி வந்து கத்தினார்.

"நான் என்னங்கண்ணா பண்ணட்டும்? மூடி போட்டுப் பார்த்தேன், மூடியவே தூக்கிட்டு வருதுங்க" என்றாள் தனபாக்கியம்.

அவர் இன்னும் இரண்டு வார்த்தை கத்துவதற்காக வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். இறங்கியவர் நின்றார். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் அவருடைய வீங்கிய முழங்கால்களைச் சுற்றிக்கொண்டது, பல வருஷமாக இருந்த குத்தல் கொஞ்சம் இறங்கியமாதிரி இருந்தது. கத்தவேண்டியதை மறந்து வற்றும்வரைக்கும் நின்றார். மறுநாளிலிருந்து கடல் வருகிற நேரத்துக்கு ஒரு துண்டோடு வந்துவிடுவார், வந்து, தன் வீட்டில் தலைக்குமேல் மச்சில் உப்புப் பூத்ததைப் பற்றி ஒருமுறை புகார் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் நின்றுகொள்வார். அவர் சம்சாரம் மச்சு உப்பைக் கத்தியால் சுரண்டி ஊறுகாய்க்குப் போட்டதாகவும், அது கடையுப்பைவிட நன்றாக இருந்ததாகவும் கட்டடம் முழுக்கப் பேச்சு.

எதிர்வீட்டு வசந்தாமணி வீட்டார்தான் அமாவாசைத் திதியை ஆரம்பித்து வைத்தவர்கள். ராமேஸ்வரம் போய்வர முடியாத அவள் புருஷன், இங்கேயே திதி கொடுத்தால் என்ன என்று அய்யரைக் கூட்டிவந்தான். அய்யர் தொட்டியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கிழக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். அடுத்த அமாவாசைக்குப் படிக்கட்டில் கீழே தெருவரைக்கும் ஆள் நின்றது. எள்ளும் பிண்டமும் கடல் வற்றத்தோடு தொட்டிக்குள் போய் மறைந்தன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவன் சுண்டல் விற்றான். இளைப்பு நோய்க்காரர்களை அவர்கள் வீட்டார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதவோரம் உட்காரவைத்துக் காற்று வாங்கச் செய்தார்கள். குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், இது எங்கள் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார். கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதை வாட்ச்மேன் தினமும் கீழே சுவரில் சாக்பீசால் எழுதி வைத்தார். வருகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள், போகும்போது, "பாவம், உனக்குத்தான் சிரமம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் போனபிறகு மணலைக் கூட்டி, கட்டில் காலைத் துடைத்து, துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, அடுத்த ஏற்றத்துக்குமுன் சோறாக்க வேண்டியவள் தனபாக்கியம்தான்.

ஆனால் ஒன்று இருந்தது, அதற்காகத்தான் அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். கடல் சென்னியப்பனைத் தூக்கியது.

முதலில் தற்செயலாகத்தான் நடந்தது. அவனைக் குளிப்பாட்ட நாற்காலிக்கு மாற்றும்போது ஏற்றம் வந்துவிட, அவள் கை வழுக்கி அவன் தண்ணீரில் சரிந்தான். பதறிப்போய்ப் பிடித்தவளுக்கு அவன் கனமே தெரியவில்லை. அத்தனை நாளும் அவளுடைய இடுப்பையும் முதுகையும் முறித்த அந்தப் பெரிய உடம்பு, அவள் உள்ளங்கையில் காலி முட்டைத்தட்டுபோல மிதந்தது. அவன் முகத்தில், நோய் வந்தபிறகு அவள் பார்க்காத ஒரு லேசான சுளிப்பு வந்தது. அது சிரிப்பு என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரமானது. அன்றுமுதல் ஏற்றத்தில்தான் அவனைக் குளிப்பாட்டினாள், ஏற்றத்தில்தான் புரட்டினாள், படுக்கைப்புண்ணைக் கடல் ஆற்றியது. சில நாட்களில் அவனை மிதக்கவிட்டு, அவன் வேட்டி முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலோரம் நாச்சிமுத்து மச்சு உப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழ விழ, தனபாக்கியம் தூங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பகலில் தூங்கியது அப்போதுதான்.

தொட்டிக்குள் நண்டுகள் நன்றாக இல்லை. கடல் அவற்றைத் தாண்டித்தான் வந்தது, அவற்றைத் தாண்டித்தான் போனது, அவை மட்டும் கண்ணாடியில் கால்களைப் பதித்துக்கொண்டு அந்த இழுப்பில் தொங்கின. செருப்பையும் டம்ளரையும் பிண்டத்தையும் எடுத்துக்கொண்டுபோன கடல், இவற்றை எடுத்துப்போக முடியாமல் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுப் போனது. அவை வளர்ந்துவிட்டிருந்தன, சங்குகள் வளரவில்லை. பெரிய நண்டின் பாதி உடம்பு வெளியே தொங்கியது. ஒரு நாள் காலையில் ஒன்று சங்கைவிட்டு முழுக்க வெளியே வந்து, உரித்த இறால்போல வளைந்த தன் மெத்தென்ற வயிற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூலைக்கு மூலை போய்க்கொண்டிருந்தது. தனபாக்கியம் குடோனிலிருந்து வருவதற்குள் அது செத்திருந்தது. துளசித் தொட்டியில் குழி பறித்து அதைப் புதைத்தாள். இன்னொன்று சங்கை விட்டு வந்தபோது பயந்துபோய், தேங்காயெண்ணெய் பாட்டில் மூடியைக் கழுவிப் போட்டாள். அது முகர்ந்து பார்த்து, சுற்றி வந்து, வேறு வழியில்லாமல் அந்தப் பச்சை மூடிக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏற்றம் நாளுக்கு நாள் உயர்ந்தது. முழங்கால் தொடையானது, தொடை இடுப்பானது. வற்றும்போது இழுப்பும் அதிகமானது. பீரோ நகர்ந்தது. ஆடிப் பௌர்ணமியன்று மத்தியானம் தண்ணீர் ஜன்னல் விளிம்புக்கு வந்தது. நாச்சிமுத்துகூடப் பயந்து வெளியே போய்விட்டார். தனபாக்கியம் நாற்காலியின்மேல் ஏறி நின்றுகொண்டு, சென்னியப்பனைத் தலைமாட்டில் பிடித்திருந்தாள். வற்றம் தொடங்கியது. வீட்டிலிருந்த அவ்வளவு தண்ணீரும் தொட்டியைப் பார்த்துச் சுழித்துக்கொண்டு போனது. அவன் உடம்பும் கால்பக்கமாக அந்தப் பக்கம் திரும்பியது. அவள் பிடியை இறுக்கினாள். அப்போதுதான் கவனித்தாள், அவன் நல்ல இடதுகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான். தன்னைத்தானே தொட்டிப் பக்கமாக, பொறுமையாக, துடுப்புப் போடுகிறவன்போலத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க," என்றாள். "என்னுங்க பண்றீங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, அந்தக் கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். பிரிக்கவில்லை, தொட மட்டும் செய்தான், விட்டுவிடு என்பதுபோல.

விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. அது துக்கமாகவோ பாவமாகவோ தோன்றவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்குக் காலியான இடம் ஒன்று தெரிவதுபோலத் தோன்றியது. கையில் எதுவும் இருக்காது. ஹால் காய்ந்திருக்கும். படுத்து எழுந்திருக்கலாம். அவள் விரல்கள் ஒரு நூலளவு தளர்ந்தன, அவன் ஒரு சாண் நகர்ந்தான், அவன் குதிகால் தொட்டியின் விளிம்பில் பட்டது. பட்டதும் அவள் அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து தண்ணீரில் குதித்து, அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து, ஜன்னல் கம்பியில் காலைக் கோத்துக்கொண்டு, கடல் முழுக்கப் போய் முடியும்வரை அப்படியே கிடந்தாள்.

"நான் தூங்கறதுக்கு நீங்க போவோணுமா?" என்று ஈரத் தரையில் அவன்மேல் கிடந்தபடியே கேட்டாள். "உங்களைத் தூக்கறது கஷ்டந்தான். கஷ்டமில்லீன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா? அதுக்காகப் போயிருவீங்களா?"

அவன் அழுதான். சத்தம் வராத அழுகை, வாய் ஒருபக்கமாகக் கோணி, அவள் தோளை நனைத்தது. அவளும் அழுதாள், ஆனால் கொஞ்சம்தான், மிச்சத்துக்குத் தெம்பில்லை. பிறகு எழுந்து தொட்டியைப் பார்த்தாள். எண்ணெய் மூடிக்குள் இருந்த நண்டு கண்ணாடியோரம் நின்று இரண்டு கண்களையும் நீட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவங்களைக் கொண்டுபோயி வுட்டுட்டு வந்துரலாங்க," என்றாள். "கடல் இவங்களத் தேடித்தான் வருது. கெடைக்கற வரைக்கும் வந்துட்டேதான் இருக்கும்."

சென்னியப்பன் தொட்டியை வெகுநேரம் பார்த்தான். பிறகு சரியென்று தலையை அசைத்தான்.

கட்டடம் இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கதவோரம் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது.

"ஊரே பழகிருச்சும்மா" என்றார் நாச்சிமுத்து. "இப்பப் போயி நிறுத்தறதுன்னா எப்படி?"

"நான் பழகலீங்கண்ணா."

"அக்கா, ஆடி அமாவாசை வருது" என்றாள் வசந்தாமணி. "எங்க மாமனார் தவறி முதல் வருஷம். அது மட்டும் முடிஞ்சறட்டும்க்கா. ரெண்டு வாரந்தானே?"

தனபாக்கியம் தொட்டியைக் காட்டினாள். "அந்த மூடிக்குள்ள இருக்கறது ரெண்டு வாரம் தாங்காது, வசந்தா."

"ஒரு நண்டுக்காகவா?"

"நண்டுக்காகவுந்தான்" என்று சொல்லிவிட்டு, வேறு என்னவெல்லாம் என்று சொல்ல அலுப்பாக இருந்ததால் உள்ளே போய்விட்டாள். வசந்தாமணி தன் வீட்டுக் கதவைச் சத்தமாகச் சாத்திக்கொண்டாள்.

சென்னியப்பனோடு முன்பு வண்டி ஓட்டிய சுப்புராயன் துறைமுகத்துக்குக் கிளம்புகிற நாளில், நாலுபேர் சேர்ந்து சென்னியப்பனைக் கேபினில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். தனபாக்கியம் பெயின்ட் வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். கரூர், திண்டுக்கல், மதுரை என்று வெயில் கூடவே வந்தது. ஒவ்வொரு டீக்கடையிலும் சுப்புராயன் இறங்கி வாளியை எட்டிப் பார்த்து, "குடித்தனக்காரங்க சௌக்கியமா?" என்று கேட்டான். சென்னியப்பனுக்கு ஒவ்வொரு முறையும் வாய் கோணியது. தூத்துக்குடிக்குத் தெற்கே, பாறைகள் கிடக்கும் ஒரு கரையில் வண்டியை நிறுத்தியபோது மறுநாள் காலை வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை, தண்ணீர் வற்றி, குட்டைகள் அங்கங்கே மினுங்கின. சுப்புராயனும் அவளும் சென்னியப்பனை இருபக்கமும் தாங்கிக் கொண்டுபோய் அலை நனைக்கும் இடத்தில், பாறையில் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

சங்குகள் அங்கே கொட்டிக் கிடந்தன. தனபாக்கியம் குனிந்து குனிந்து முந்தானை நிறையப் பொறுக்கி, ஒரு குட்டையோரம் பரப்பிவைத்து, நண்டுகளை இறக்கிவிட்டாள். வெகுநேரம் அவை நகரவில்லை. பிறகு பெரியது ஒரு சங்கைத் தொட்டது, உருட்டியது, கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது, கண்மூடித் திறக்கும் நேரத்தில் பழையதிலிருந்து உருவிக்கொண்டு புதியதில் நுழைந்தது. அது விட்ட சங்கில் அடுத்தது ஏறியது, அது விட்டதில் அதற்கடுத்தது. கடைசியில் பச்சை மூடிக்காரன் மட்டும் தயங்கி நின்றான். சென்னியப்பன் இடதுகையை நீட்டி, ஒரு சங்கை எடுத்து, அதிலிருந்த மணலைக் கொட்டி, அந்த நண்டின் முன்னால் வைத்தான். அது வெளியே வந்தது. காற்றும் வெயிலும் படக்கூடாத அந்த உடம்பு ஒரு மூச்சுநேரம் வெட்டவெளியில் இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. அலை ஒன்று வந்து குட்டையை மூடித் திரும்பியபோது அங்கே நண்டுகளும் இல்லை, எண்ணெய் மூடியும் இல்லை.

சென்னியப்பன் ஏதோ சொன்னான். வார்த்தை இல்லை, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டான் சுப்புராயன்.

"தெரியலீங்க" என்றாள் தனபாக்கியம். "தண்ணி சில்லுன்னு இருக்குதுன்னு சொல்றாராட்ட இருக்குது."

அவர்கள் திரும்பி வந்தபிறகு மூன்றாம் மாடிக்குக் கடல் வரவில்லை. வாட்ச்மேன் ஒருநாள் வெறும் சாக்பீசோடு சுவருக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனார். சுண்டல்காரன் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டான். வசந்தாமணியும் புருஷனும் ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போய்வந்தார்கள், வந்து தனபாக்கியத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹால் காய்ந்தது. காய்ந்த வீட்டில் சென்னியப்பன் பழையபடி கனத்தான். முன்பைவிடக் கூடுதலாகக் கனத்தான் என்றே அவளுக்குத் தோன்றியது, ஏனென்றால் இடையில் கொஞ்சகாலம் கனக்காமல் இருந்தான்.

ஒரு மத்தியானம் அவள் அவனுடைய கக்கத்தில் இருகைகளையும் கோத்து, கட்டிலிலிருந்து பாதி தூக்கி, மீதி தூக்க முடியாமல், கீழே விடவும் மனமில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தபோது, நாச்சிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மடித்துக்கட்டிய வேட்டி, தோளில் துண்டு. காய்ந்த தரையைப் பார்த்து நின்றார்.

"வரலியா?"

"இனி வராதுங்கண்ணா."

"தெரியும். காலு தானா ஏறி வந்துருச்சு" என்றார். போகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் பார்த்தார், மச்சைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றாள் தனபாக்கியம்.

"எனக்கெங்கம்மா தெரியும், எப்படிப் புடிக்கறது?"

"கக்கத்துல கையக் குடுங்க. இன்னொரு கை முட்டிக்குக் கீழ. இழுக்காதீங்க, தாங்குங்க."

இருவருமாகத் தூக்கினார்கள். நாச்சிமுத்துவின் முழங்கால் சடசடத்தது, முகம் சிவந்தது, ஒரு அடி, இன்னொரு அடி, நாற்காலியில் இறக்கிவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை கனமா இருக்கறாரேம்மா! தண்ணியில மிதக்கறப்ப இப்படித் தெரியலியே."

"எப்பவும் இத்தனை கனந்தானுங்கண்ணா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சென்னியப்பனைப் பார்த்தார், சென்னியப்பனும் அவரைப் பார்த்தான். கதவுவரைக்கும் போனவர் திரும்பி, "மறுபடி கட்டல்ல படுக்க வெக்கோணுமல்ல, அதெப்ப?" என்று கேட்டார்.

தனபாக்கியம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"டீ குடிச்சுட்டு வாங்களேன்" என்றாள்.